வெள்ளிக்கிழமை மட்டும் உழைத்த செடிகள்

என் மனைவி இருபத்திரண்டு வருடங்கள் தினமும் வெளிநாடு போய் வந்தவள். கேட்பதற்குப் பெருமையாக இருக்கும். காலை நான்கு மணிக்கு முன்பே எழுந்து, ஜொகூரின் பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் வீட்டு முனையில் கம்பெனி பஸ் ஏறி, எல்லைப் பாலத்தில் மற்ற எல்லோரோடும் ஊர்ந்து, சிங்கப்பூரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக நாள் முழுக்க நின்றுவிட்டு, வீங்கிய காலோடு திரும்புவாள். அதே இருபத்திரண்டு வருடங்களும் நான் பாசிர் கூடாங்கில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். வீட்டிலிருந்து இருபது நிமிடம். நான் பல் தேய்க்கும்போது அவள் வேறொரு நாட்டில் இருப்பாள். இல்லற ஒற்றுமைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது என்று ஒரு ஞாயிறு மலரில் நகைச்சுவையாக எழுதினேன். அவள் படித்துவிட்டு மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் ஒரே ஒரு திருத்தம் சொன்னாள்: "எங்க பஸ் நாலரைக்கு இல்ல, நாலு இருபதுக்கு. தெரியாதத எழுதாதீங்க."

ஐம்பது வயதில் அந்த வேலையை விட்டாள். உலு திராமுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் கூரையும் சுற்றிலும் வலையும் போட்ட ஒரு பசுமைக்குடிலைக் குத்தகைக்கு எடுத்து மெலன் பயிரிட்டாள். முலாம்பழம் என்று நான் சொல்வேன். எங்கள் ஊரில் யாருக்கும் புரியாது. நானும் ஓய்வு பெற்றிருந்ததால் துணைக்குப் போனேன். ஒரு கொடிக்கு ஒரு பழம். தேங்காய் நார்த்தூள் நிரப்பிய பைகளில் செடி நிற்கும், சொட்டுக்குழாய் வழியாக உரத் தண்ணீர் வரும். கேட்கச் சுலபமாக இருந்தது. அலுவலகத்தில் நாற்காலியில் உட்கார்ந்து கேட்ட எல்லாமே எனக்குச் சுலபமாகத்தான் இருந்திருக்கிறது.

முதல் விளைச்சலில் வெள்ளை ஈ புகுந்து பாதிச் செடிகளைச் சுருட்டிவிட்டது. மனைவி அசரவில்லை. இருந்த வலைக்கு உள்பக்கம் இன்னும் நெருக்கமான இன்னொரு வலையைப் போட்டாள். இரண்டாவது விளைச்சலில் ஈ இல்லை, நோய் இல்லை, பழங்கள் நாள்காட்டியில் போடலாம் போல இருந்தன. பழம் எடுக்க வந்த சீன வியாபாரி, எங்கள் தவுக்கே, ஒரு பழத்தை வெட்டி, சாற்றில் ஒரு சொட்டைத் தன் சர்க்கரைமானியில் விட்டு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். ஒன்பதரை.

"தாக் மானிஸ் லா, அக்கா," என்றார் வருத்தமாக. இனிப்பு இல்லையாம். "வெள்ளரிக்கா மாரி. பதிமூணு வேணும். அடுத்த தடவையும் இப்படின்னா நான் வேற ஆள் பாக்கணும்."

அந்த வாரமே சிங்கப்பூரிலிருந்து பழைய மேற்பார்வையாளர் அம்மா போன் செய்தார். பரிசோதகர் இடம் ஒன்று காலியாக இருக்கிறதாம், அடுத்த அறுவடை வரை நிரப்பாமல் வைத்திருக்கிறாராம். மனைவி போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "இந்தத் தடவையும் பதிமூணு வரலன்னா நான் பஸ் ஏறிடுவேன். பேச்சே வேணாம்."

ஒன்றைச் சொல்லவேண்டும். வேலையை விட்ட பிறகு அவள் காலை ஆறரை வரை தூங்கினாள். கல்யாணமாகி இத்தனை வருடம் கழித்து, அவள் தூங்கும் முகத்தைப் பகல் வெளிச்சத்தில் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அது மறுபடியும் நாலு இருபது பஸ்ஸுக்குப் போய்விடும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அதனால் எனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தேன். படித்தேன்.

மூன்று வாரம் படித்ததில் ஒரு விஷயம் தெளிவானது. சர்க்கரை பழத்தில் உற்பத்தியாவதில்லை. இலைதான் வெயிலையும் தண்ணீரையும் காற்றிலுள்ள கரியமில வாயுவையும் வைத்துச் சர்க்கரை செய்கிறது. பழம் சும்மா உட்கார்ந்து வாங்கிக்கொள்கிறது. பாசிர் கூடாங் அலுவலகத்தில் நான் வகித்த பதவியும் கிட்டத்தட்ட இதுதான் என்பதால் உடனே புரிந்தது. அப்படியானால் பழத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. இலை எப்போது உழைக்கிறது, எப்போது சோம்பல்படுகிறது என்று பார்க்கவேண்டும். அதை அளக்கக் கருவி உண்டு.

தம்போயில் ஆய்வுக்கூடக் கருவிகளைப் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் என் பள்ளிக்கூட நண்பனிடம் அப்படி ஒன்று இருந்தது. மூடிப்போன ஏதோ நிறுவனத்தின் ஏலத்தில் எடுத்ததாம். கோலாலம்பூரிலிருந்து ஒருவர் அதை வாங்கிக்கொள்ள நான்கு வாரத்தில் வரப்போகிறார். அதுவரை இரவல் தருகிறேன் என்றான்.

பார்ப்பதற்குத் தோளில் மாட்டும் பெட்டி. அதிலிருந்து ஒரு கைப்பிடி, கைப்பிடி நுனியில் கண்ணாடிச் சன்னல் வைத்த கவ்வி. கவ்வியில் இலையை வைத்து மூடினால் பெட்டி அதற்குள் காற்றை ஓட்டும். உள்ளே போகும் காற்றில் கரியமில வாயு எவ்வளவு, வெளியே வரும் காற்றில் எவ்வளவு என்று பார்த்து, இலை எவ்வளவு சாப்பிட்டது என்று திரையில் ஒரு எண் காட்டும். இருபது வந்தால் இலை நன்றாக உழைக்கிறது. ஐந்து வந்தால் ஒப்புக்கு உழைக்கிறது. சைபருக்குக் கீழே போனால் வேலையே செய்யாமல் மூச்சு மட்டும் விடுகிறது.

"டேய், ஒண்ணு ஞாபகம் வச்சுக்க," என்றான் நண்பன். "இந்தக் குழா வழியாதான் காத்து உள்ள போகுது. இது பக்கத்துல மூச்சு விட்டே, போச்சு. மனுசன் மூச்சு முழுக்க கரியமில வாயுதான். நீ வேற பேசிக்கிட்டே இருப்பே."

"மூச்சு விடாம எப்படிடா அளக்குறது?"

"நீளமா ஒரு ரப்பர் குழா மாட்டி, அந்த நுனிய ஆள் இல்லாத இடத்துல கட்டு. எழுத்தாளன்னு சொல்லிக்கிற, இதுகூட தோணலயா?"

தோன்றியது. இன்னும் அதிகமாகவே தோன்றியது. நான் பத்து மீட்டர் குழாய் வாங்கினேன். குடிலில் ஆள் நடமாட்டம் எங்கே குறைவு என்று ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து கவனித்தேன். கடைசித் தூண். அங்கே செடி வரிசை இல்லை, தண்ணீர்த் தொட்டி இல்லை, யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. அந்தத் தூணில் ஒரு பலகை அடித்து, மனைவி மாதா படத்தை வைத்திருந்தாள். எங்களோடு வேலை செய்யும் அக்கா பக்கத்திலேயே மாரியம்மன் படத்தை வைத்திருந்தார். வெள்ளை ஈக்குப் பிறகு எடுத்த முன்னெச்சரிக்கை, யாரையும் விட்டுவைக்கவில்லை. அந்தப் பலகைக்குக் கீழே, இடுப்புயரத்தில், குழாய் நுனியை நேர்த்தியாகக் கட்டினேன். அறிவியல் முறை என்பது இதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதாக ஞாபகம்.

அந்த அக்காவைப் பற்றியும் சொல்லவேண்டும். எங்களைவிட ஐந்தாறு வயது மூத்தவர். ரப்பர் தோட்டம் இருந்த காலத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். தோட்டம் வீடமைப்புப் பகுதியான பிறகு கையில் கிடைத்த வேலையெல்லாம் பார்த்து, கடைசியில் எங்களிடம் வந்திருந்தார். ஒரு கொடிக்குப் பக்கக் கிளை கிள்ளுவதற்குள் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதையைச் சொல்லி முடித்துவிடுவார். மனைவியைத் தங்கச்சி என்பார். என்னை சார் என்பார். அந்த சாரில் மரியாதை எவ்வளவு, வேறு எது எவ்வளவு என்பதை அளக்கும் கருவி இன்னும் வரவில்லை.

அளக்கத் தொடங்கினேன். காலை ஒன்பது மணி, பதினொரு மணி, ஒரு மணி, மூன்று மணி. கவ்வியை மூடு, காத்திரு, எண்ணைக் குறி. முதல் நான்கு நாள் எண்கள் சுமாராக இருந்தன. காலையில் பதினைந்து, பதினாறு. பதினொரு மணிக்குக் குறைந்தது. அதற்குப் பிறகான எண்களை நான் அதிகம் கவனிக்கவில்லை, ஏனென்றால் ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை வந்தது.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்குத் திரையில் முப்பத்தெட்டு வந்தது. நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். நாற்பத்தொன்று. அடுத்த நிமிடம் சைபருக்குக் கீழே பன்னிரண்டு, பிறகு மறுபடி முப்பத்தாறு. கீழே போன எண்களைக் கருவி களைத்துப்போனதாக எடுத்துக்கொண்டு விட்டுவிட்டேன். மேலே போனவற்றை மட்டும் சுத்தமாக எழுதிக்கொண்டேன். அடுத்த வெள்ளியும் அதே கதை. மூன்றாவது வெள்ளியும்.

இப்போது யோசித்தால், அந்த மூன்று வெள்ளிகளிலும் குடிலில் நல்ல சாம்பிராணி வாசனை வந்தது. அதை நான் ரசித்தேன். இழுத்து மூச்சு வாங்கி ரசித்தேன். குறிப்பேட்டில் எழுதவில்லை.

எழுதியது வேறு. அப்போது ஜொகூரில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. எங்கள் குடிலுக்குப் பக்கத்தில் மரச்சாமான் பட்டறை ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை ரம்பச் சத்தம் இருக்காது, லாரி வராது, தூசி கிளம்பாது. செடிகள் அமைதியை விரும்புகின்றன என்று நான் முடிவு கட்டினேன். சனிக்கிழமையும் பட்டறை மூடித்தான் இருக்கிறது, அன்று ஏன் எண் ஏறவில்லை என்ற கேள்வி எழுந்தது. சனிக்கிழமை அக்கா வானொலி வைப்பார் என்ற பதிலும் உடனே எழுந்தது. ஒரு தப்பான கருத்துக்கு ஆதாரம் தேடத் தொடங்கினால் உலகம் எவ்வளவு தாராளமாக அள்ளிக் கொடுக்கிறது என்று நான் படித்த எந்தப் புத்தகமும் போதுமான அளவு எச்சரிக்கவில்லை. அல்லது எச்சரித்திருக்கும், நான் அந்த அத்தியாயத்தைத் தாண்டியிருப்பேன்.

மறுநாளே குடிலில் மௌனத்தை அமல்படுத்தினேன். வானொலி கூடாது. பேச்சு கூடாது. இன்னொரு கொடி வரிசையில் இருப்பவரை அழைக்கக் கையசைக்கவேண்டும்.

அக்கா இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள் மனைவியிடம் போய்விட்டார். நான் நான்கு அடி தள்ளி நிற்பது தெரிந்தே, உரக்கச் சொன்னார்.

"தங்கச்சி, வாய மூடிக்கிட்டு வேலை செய்ய நான் என்ன ஆஸ்பத்திரிக்கா வந்திருக்கேன்? நாப்பது வருசம் பேசிக்கிட்டேதான் மரம் வெட்டுனேன். எந்த மரமும் பால் தரமாட்டேன்னு சொல்லல."

"சாருக்கு ஏதோ ஆராய்ச்சிக்கா. ஒரு வாரம்தான்."

"அலமாக்! ஆராய்ச்சி பண்றவரு வீட்டுல உக்காந்து பண்ண சொல்லு. நேத்து நான் தும்முனேன், சார் எழுதி வச்சாரு தங்கச்சி. மணி போட்டு எழுதி வச்சாரு!"

உண்மைதான். காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்குத் தும்மினார்.

அன்று மாலை மனைவி என் குறிப்பேட்டைக் கேட்டாள். இருபத்திரண்டு வருடம் எண்களைப் பார்த்தே வாழ்ந்தவள் ஒரு குறிப்பேட்டைப் புரட்டும் விதமே வேறு. விரலால் ஒவ்வொரு வரியாக இறங்கினாள்.

"ஒரு தடவைக்கு ஒரு எலதான் அளந்தீங்களா?"

"ஆமா."

"அதே எலயா தினமும்?"

"கைக்கு எட்டுன எல."

"வெள்ளிக்கிழமை காலையில எல்லாமே முப்பதுக்கு மேல. கொறஞ்சது ஒண்ணுகூட வரலயா?"

"வந்துச்சு. அது கருவியோட கோளாறு மா."

அவள் குறிப்பேட்டை மூடினாள். "எங்க கம்பெனியில இப்படி ஒருத்தன் இருந்தான்," என்றாள். "நல்ல எண்ண மட்டும் எழுதுவான். ஆறு மாசத்துல அனுப்பிட்டாங்க."

நான்காவது வெள்ளிக்கிழமை. வழக்கமாக அந்தக் காலையில் உரக் கடைக்குப் போகிறவள் போகவில்லை. என்னோடு வந்து, நான் கவ்வியைப் பிடித்திருக்க, கைகட்டி நின்றாள். ஒன்பது மணிக்குப் பதினைந்து காட்டிய திரை, பத்து நிமிடத்தில் முப்பத்தொன்பதுக்குத் தாவியது.

"பாத்தியா?" என்றேன். வாழ்க்கையில் அவளிடம் அந்த வார்த்தையைச் சொல்லும் வாய்ப்பு எனக்கு அடிக்கடி வந்ததில்லை.

அவள் திரையைப் பார்க்கவில்லை. பெட்டியிலிருந்து கிளம்பிய குழாயைப் பார்த்தாள். அதன் மேல் கண்ணை வைத்தபடியே வரிசை வரிசையாக நடந்து கடைசித் தூண் வரை போனாள். அங்கேயே நின்றுவிட்டாள். பிறகு, "ஏங்க, கொஞ்சம் இங்க வாங்க," என்றாள். சத்தம் போடாமல் கூப்பிட்டாள். அதுதான் எனக்குப் பயம்.

பலகைக்குக் கீழே தரையில் ஒரு மண்சட்டி. சட்டியில் கனிந்த கரி. கரிமேல் சாம்பிராணி. புகை நேராக மேலே போய், நான் நேர்த்தியாகக் கட்டி வைத்திருந்த குழாய் நுனியைத் தழுவிக்கொண்டு மாரியம்மனிடமும் மாதாவிடமும் பாரபட்சமின்றிப் போய்க்கொண்டிருந்தது. அக்கா பக்கத்தில் கண்மூடி நின்றுகொண்டிருந்தார். கண்ணைத் திறந்து எங்கள் இருவரையும் பார்த்தார்.

"என்ன சார்? சாமி கும்புடறதுக்கும் தடையா?"

எனக்கோ, கரி எரிந்தால் கரியமில வாயு வரும் என்று ஆறாம் வகுப்பில் படித்தது ஞாபகத்துக்கு வந்துகொண்டிருந்தது. ஆள் மூச்சுக்குப் பயந்து, குடிலிலேயே நெருப்பு மூட்டும் ஒரே இடத்தில் கருவியின் மூக்கை நீட்டி வைத்திருக்கிறேன். உள்ளே போகும் காற்றில் கரியின் வாயு ஏறும்போதெல்லாம் இலை அவ்வளவையும் சாப்பிட்டுவிட்டதாகப் பெட்டி கணக்குப் போட்டிருக்கிறது. மூன்று வாரமாக அளந்தது செடியின் உழைப்பை அல்ல, அக்காவின் பக்தியை.

மனைவி விளக்கியதும் அக்காவுக்குச் சிரிப்பு நிற்கவில்லை. சட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே விட்டார். "அப்ப நான் தும்முனது?" என்று கேட்டார். "அதுக்கு எவ்ளோ நம்பர் சார் வந்துச்சு?"

அதன்பிறகு நான் உதவியாளரானேன். கருவியைத் திருப்பிக் கொடுக்க மூன்று நாள்தான் பாக்கி. இன்னும் பதினெட்டு நாளில் அறுவடை. பழங்கள் தோலில் வலை பின்னித் தேங்காய் அளவுக்கு வந்துவிட்டன. இனி அவை பெரிதாகப்போவதில்லை, சர்க்கரை மட்டும்தான் ஏறவேண்டும். மனைவி குழாய் நுனியைக் கூரைக்கு வெளியே, மூங்கில் கழியில் கட்டினாள். நடுவில் தோங் என்று நாங்கள் சொல்லும் இருபது லிட்டர் காலித் தண்ணீர்ப் பீப்பாய் ஒன்றைச் சேர்த்தாள். காற்று அதற்குள் கலந்து நிதானப்பட்டு வந்தால் எண் குதிக்காது என்றாள். எங்கே படித்தாய் என்று கேட்டேன். யோசித்தாளாம். ஒவ்வொரு செடியிலும் பழத்துக்குப் பக்கத்து இலை, மூன்று செடி, ஒவ்வொன்றும் மூன்று தடவை. என் வேலை தோங்கைப் பிடித்துக்கொண்டு நிற்பது.

இப்போது எண்கள் குதிக்கவில்லை. காலை ஒன்பதுக்குப் பதினாறு. பத்துக்குப் பதினெட்டு. பதினொன்றுக்குப் பத்து. பன்னிரண்டுக்கு மூன்று. ஒரு மணிக்கு, வெளியே வெயில் தார்ச்சாலையை இளக்கிக்கொண்டிருந்த நேரத்தில், ஒன்று. மூன்றரை மணிக்குத்தான் மறுபடி எட்டு.

அவள் கவ்வியைத் திறந்துவிட்டு அந்த இலையைத் தடவிப் பார்த்தாள். "சுடுது," என்றாள்.

நாளின் நடுப்பகுதி முழுக்க இலைகள் கடையை மூடிவிடுகின்றன. வெக்கை தாங்காமல் இலைத்துளைகளைச் சாத்திக்கொண்டால் தண்ணீர் வெளியே போகாது. ஆனால் கரியமில வாயுவும் உள்ளே வராது. வராவிட்டால் சர்க்கரை இல்லை. வெயில் ஏற ஏறச் சர்க்கரை ஏறும் என்றுதான் எல்லோரும் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அதனால் முன்பு குத்தகைக்கு எடுத்தவர் விட்டுப்போன நிழல்வலையைக் கூரையடியில் சுருட்டியே வைத்திருந்தோம். போதாக்குறைக்கு ஈயைத் தடுக்கப் போட்ட இரண்டாவது வலை காற்றையும் தடுத்திருந்தது. செடிகளைக் காப்பாற்றுவதாக நினைத்து அவற்றை வேகவைத்துக்கொண்டிருந்தோம்.

இதைச் சொன்னது நானாக இருந்தால் அவள் நம்பியிருக்கமாட்டாள். எண்ணைத் தானே எடுத்திருந்தாள், இருந்தும் தயங்கினாள். இரண்டாம் நாள் ஒரு மூலையில் மட்டும் உள்வலையைச் சுருட்டி, பதினொரு மணிக்கு அங்கே நிழல்வலையை இழுத்தாள். ஒரு மணிக்கு அந்த மூலையில் பன்னிரண்டு. மற்ற இடத்தில் ஒன்று. மூன்றாம் நாளும் அதே மாதிரி வந்தது. அன்று மாலை நண்பன் வந்து பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, "என்னடா கண்டுபிடிச்ச?" என்றான். "உன் குழா நீளமா இருக்கணும்னு கண்டுபிடிச்சேன்," என்றேன். மேற்கொண்டு விளக்கவில்லை.

கருவி போனபிறகு மனைவி உள்வலையின் முன்னால் போய் நின்றாள். முதல் விளைச்சலில் சுருண்டுபோன செடிகளைக் கையால் பிடுங்கிக் குழியில் போட்டவள் அவள்.

"கழட்டுனா வெள்ளை ஈ வந்துச்சுன்னா?"

"வெளி வலை இருக்கே மா."

"அது இருக்கும்போதுதானே மொத தடவ வந்துச்சு."

அதற்கு அக்காதான் பதில் சொன்னார். "தங்கச்சி, இன்னும் பதினஞ்சு நாளு. நான் தினம் காலையில ஒவ்வொரு எலயா திருப்பிப் பாக்குறேன். ஈ வந்தா ஈ, நான் நசுக்குறேன். இனிப்பு இல்லன்னா அத நான் என்ன பண்ண முடியும்?"

அன்றே உள்வலையைக் கழற்றினார்கள். மஞ்சள் ஒட்டுத்தாள்களை வரிசைக்கு இரண்டாகத் தொங்கவிட்டார்கள். தினமும் பதினொரு மணிக்கு நிழல்வலையை இழுப்பதும் இரண்டரைக்குச் சுருட்டுவதும் என் பொறுப்பு. நடுப்பகலில் ஒரே தடவையாக விட்டுக்கொண்டிருந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஐந்து தடவையாக்கினாள். அக்கா சொன்னபடியே இலைகளைத் திருப்பினார், இடைவிடாமல் பேசிக்கொண்டே. ஆறாம் நாள் அவர் குரல் நின்றுபோனது. போய்ப் பார்த்தால் ஒட்டுத்தாளில் நான்கு வெள்ளை ஈ. அன்று மாலை வரை மூவரும் குடிலின் ஒவ்வொரு இலையையும் புரட்டினோம். இன்னும் இரண்டு கிடைத்தன. அடுத்த நாள் ஒன்று. அதோடு சரி. அந்த ஏழு ஈக்களைப் போல யாருக்கும் நான் அதுவரை பயந்ததில்லை. கப்பல் அலுவலக மேலாளரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அறுவடை நாள் தவுக்கே லாரியோடு வந்தார். வாசலுக்குப் பக்கத்தில் இருந்த முதல் கொடியிலேயே ஒரு பழத்தை அறுத்து, வெட்டி, சொட்டு விட்டு, மானியைத் தூக்கிப் பார்த்தார். கொஞ்சம் தாழ்த்தி மறுபடி பார்த்தார்.

"பன்னெண்டரை," என்றார்.

அக்கா, "ஆத்தா," என்றார் மெதுவாக. நான் மனைவியைப் பார்க்கவில்லை; சிங்கப்பூர் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன்.

மனைவியின் குரல்தான் கேட்டது. தொழிற்சாலைக் குரல். "தவுக்கே, ஒரு பழத்த வச்சு முடிவு பண்ண முடியாது. அது வாசல் ஓரம், நிழல்வலை எட்டாத செடி. நடு வரிசையில ஒண்ணு, அந்தக் கடைசியில ஒண்ணு எடுங்க. ஒவ்வொரு தடவையும் கண்ணாடிய தண்ணியில கழுவித் தொடச்சுட்டுப் போடுங்க."

தவுக்கே அவளை ஒருமாதிரி பார்த்தார். பிறகு கழுவினார். நடு வரிசைப் பழம் பதினான்கு. கடைசி வரிசைப் பழம் பதினான்கே கால். அவர் தானாகவே போய் இன்னொன்றை அறுத்தார். பதிமூன்றரை. அந்தத் துண்டை அப்படியே வாயில் போட்டுக்கொண்டு, மென்றபடி, "மானிஸ், நல்ல இனிப்பு அக்கா," என்றார். "போலே லா, சரி. எல்லாம் ஏத்துங்க." வாசல் ஓரத்து ஒரு வரிசையை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனார்.

லாரி கிளம்பியதும் மனைவி தண்ணீர்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து போனை எடுத்தாள். மேற்பார்வையாளர் அம்மாவிடம் தமிழிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிப் பேசினாள். இல்ல மேடம், வரல மேடம். ஆமா, மெலன்தான். இல்ல, கண்டிப்பா வரல. பிறகு அந்தப் பக்கம் ஏதோ நீளமாகச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் கண் மெல்லத் திரும்பி என்மேல் வந்து நின்றது. போனைக் கையால் மூடிக்கொண்டாள்.

"ஏங்க, அந்த இடம் இன்னும் காலியாதான் இருக்காம். பொறுமையா எண் எழுதுற ஆளு வீட்டுல யாராச்சும் இருக்காங்களான்னு கேக்குறாங்க."

அக்கா கைதட்டினார். "சார் இருக்காரே தங்கச்சி! நாலு இருபது பஸ்ஸு!"

மனைவி சிரிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் வேண்டும் என்கிற பார்வை. மணி பதினொன்று ஆகியிருந்தது. நிழல்வலை எட்டாத அந்த வாசல் வரிசையைத் தவிரக் குடிலில் பழமே இல்லை, இன்னும் ஒரு வாரத்தில் பிடுங்கப்போகும் வெறும் கொடிகள்தான் நின்றன. நான் ஓடிப்போய் நிழல்வலையை இழுத்தேன்.